அயோடின் விட்டும் இலை நீலமாகவில்லை, தவறு எங்கே?

ஜெராக்ஸ்கடைக்காரன், திண்டுக்கல்

எல்லோருக்கும் வணக்கம். அறிவியல் பாடத்தோடு எனக்கிருந்த உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஏழாவது படிக்கும் மகளால் இப்போது மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இலையில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று வீட்டில் செய்து பார்த்து எழுதிவரச் சொன்னார்கள். இலையைக் கொதிநீரில் போட வேண்டும், அப்புறம் ஸ்பிரிட்டில் போட்டுப் பச்சையை எடுக்க வேண்டும், கடைசியில் அயோடின் விட்டால் கருநீலமாகும். புத்தகத்தில் படமெல்லாம் போட்டிருக்கிறது. இதில் என்ன இருக்கிறது என்று இறங்கினோம்.

எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே வாசல் செம்பருத்தியில் இரண்டு இலை பறித்தோம். இரண்டு நிமிடம் கொதிநீர். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, ஸ்பிரிட் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் இலையைப் போட்டு, டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்தேன். வெந்நீரை இரண்டு தடவை மாற்றியதும் ஸ்பிரிட் நல்ல பச்சையாகிவிட்டது. இலை வெளுத்து, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெந்நீரில் ஒருமுறை முக்கியதும் பழையபடி துவண்டது. அயோடினுக்குக் காயத்துக்குப் போடும் பீட்டாடின்தான், தண்ணீர் கலந்து.

இலை பீட்டாடின் நிறத்திலேயே நின்றது. கருநீலம் எங்கேயும் இல்லை. சந்தேகப்பட்டு அதே பீட்டாடினில் ஒரு சொட்டைச் சோறு வடித்த கஞ்சியில் விட்டேன். மை கொட்டியது மாதிரி கறுத்துவிட்டது. ஆக, மருந்தின் மேல் பழி போட முடியாது.

மகள் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டு போனாள். 'தவறு, மீண்டும் செய்' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். சாயங்காலம் ஒரே அழுகை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். அன்று ராத்திரி வீட்டில் சிவப்புத் தண்டுக்கீரை. "பச்சையம்தான் உணவு செய்யும் என்றால், சிவப்பாக இருக்கிற இது எப்படிப்பா சாப்பிடும்?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெமிஸ்ட்ரி கிங்

பீட்டாடின் எல்லாம் வேலைக்கு ஆகாது ப்ரோ. ஒரிஜினல் அயோடின் கரைசல் வாங்குங்க.

ஜெராக்ஸ்கடைக்காரன், திண்டுக்கல்

தம்பி, கஞ்சியில் கறுத்தது என்று எழுதியிருக்கிறேனே.

மன்னார்குடி டீச்சர்

தம்பி, உங்கள் மகள் தவறாக எதுவும் செய்யவில்லை. அவள் எழுதியதுதான் அந்த இலையின் உண்மை. நீங்கள் கடை திறக்கிற நேரம்தான் விடையை மாற்றியிருக்கிறது.

ஆறு மணி இலையில் ஸ்டார்ச் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். பகலில் இலை சர்க்கரை செய்கிறது. அதில் ஒரு பங்கு அப்போதே தண்டுக்கும் வேருக்கும் போய்விடும். மீதியை அந்தந்தப் பசுங்கணிகத்துக்குள்ளேயே (செல்லுக்குள் பச்சையம் இருக்கும் சின்ன உறுப்பு அது) ஸ்டார்ச் மணிகளாகக் கட்டி வைக்கும். சர்க்கரையாகவே வைத்திருந்தால் என்ன? சர்க்கரை கரையும், கரைந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும், செல் ஊதிப்போகும். ஸ்டார்ச் கரையாது, ஒரு மூலையில் பேசாமல் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் அதை மறுபடி சர்க்கரையாக உடைத்து, சுக்ரோஸாக மாற்றி, உணவைக் கடத்தும் புளோயம் குழாய் வழியாக ராத்திரி முழுக்க அனுப்பும். விடிவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

உங்கள் ஊர்ப்பக்கத்து உதாரணமே சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் லாரியெல்லாம் கிளம்பிப் போன பிறகு உள்ளே நுழைந்து, "இந்த ஊரில் காய்கறியே விளைவதில்லை" என்று எழுதினால் எப்படி? நீங்கள் பறித்தது லாரி போன பிறகு. விளக்கு வைத்த பிறகு இலை பறிக்காதே, செடி தூங்கும் என்று என் பாட்டி சொல்வார். பாவம், அதற்குத் தூக்கமே கிடையாது. சரக்கு ஏற்றுவதே அந்த நேரத்தில்தான்.

'இலை செடியின் சமையலறை' என்று முப்பது வருஷத்துக்கு மேல் நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அந்த வரி கொஞ்சம் உறுத்துகிறது. சமையலறைக்கு வரும் அரிசியும் பருப்பும் ஏற்கெனவே உணவுதான், நாம் வேகவைக்கிறோம், அவ்வளவே. இலைக்கு வருவது காற்றும் தண்ணீரும். அதிலிருந்து அரிசியையே உண்டாக்குகிறது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு? பத்தாயிரத்தில் நாலு பங்கு. அந்தச் சொற்பத்தைப் பிடிப்பதற்காகத்தான் இலைக்கு இந்த அமைப்பெல்லாம்.

மகளிடம் ஒரு செம்பருத்தி இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பக்கம் கரும்பச்சை, பளபளப்பு. கீழ்ப்பக்கம் வெளிர்பச்சை. ஒரே இலைக்கு ஏன் இரண்டு நிறம்? மேல்தோலுக்கு அடியில் நீளவாக்குச் செல்கள் தீப்பெட்டிக் குச்சிகளைச் செங்குத்தாக அடுக்கியது மாதிரி நெருக்கமாக நிற்கும். பாலிசேட் என்று புத்தகத்தில் இருப்பது அதுதான். பசுங்கணிகங்கள் அதிகம் இருப்பது அங்கே, வெளிச்சம் முதலில் விழுவதும் அங்கே. அதற்குக் கீழே உள்ள ஸ்பாஞ்சி செல்கள் தாறுமாறாக, நடுவில் சந்துபொந்து விட்டு இருக்கும். காற்று ஓட அந்தச் சந்து வேண்டும். அதனால்தான் அந்தப் பக்கம் வெளிறித் தெரிகிறது. இத்தனை அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது.

காற்று நுழையும் வாசல் கீழ்த்தோலில் இருக்கும் இலைத்துளை. ஒவ்வொன்றுக்கும் அவரை விதை வடிவத்தில் இரண்டு காப்புச் செல்கள். நீர் ஏறினால் அவை வளைந்து வழி விடும், வற்றினால் ஒட்டிக்கொள்ளும். நிறமில்லாத நகப்பூச்சை இலையின் கீழ்ப்பக்கம் தடவி, காய்ந்ததும் செல்லோ டேப்பில் ஒட்டி உரித்தால் அச்சு அப்படியே வரும். பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் உதடு உதடாகத் தெரியும். அல்லி இலையில் போய்க் கீழே தேடாதீர்கள். அது தண்ணீரில் படுத்திருப்பதால் துளைகள் மேல்பக்கம்.

துளையைத் திறந்தால் காற்று வரும், கூடவே தண்ணீர் ஆவியாகப் போகும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடும். நல்ல வெயிலில் செடி துளையை இறுக்குவது இதனால்தான்.

இன்னொரு விஷயம். செடி வெளியே விடும் ஆக்சிஜன் கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது தண்ணீரிலிருந்து வருகிறது. 1941இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்சிஜன் கலந்த நீரைப் பாசிக்குக் கொடுத்துக் கண்டுபிடித்தார்கள். வெளிச்சம் தண்ணீரைப் பிளக்கிறது. அதில் கிடைக்கும் சக்தியை வைத்து, தனியாக ஒரு சுழற்சியில் கார்பன் டை ஆக்சைடு சர்க்கரை ஆகிறது. அந்தச் சுழற்சிக்காகக் கால்வின் என்ற விஞ்ஞானிக்கு 1961இல் நோபல். ஏழாம் வகுப்புக்கு இது போதும்.

கீரைக் கேள்விக்கு வருகிறேன். விடை உங்கள் வீட்டுச் சட்டியிலேயே இருந்திருக்கிறது. தண்டுக்கீரை வெந்ததும் தண்ணீர் சிவந்து, இலை பச்சையாகத் தெரிந்திருக்குமே? அந்தச் சிவப்பு பீட்டாசயனின். செல்லின் நீர்ப்பைக்குள் இருப்பது, தண்ணீரில் கரையும். பச்சையம் பசுங்கணிகத்தின் சவ்வில் இருப்பது, தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அதாவது சிவப்புக் கீரையும் பச்சைக் கீரைதான், மேலே ஒரு சட்டை போட்டிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, செடியிலேயே இருக்கும் ஓர் இலையின் குறுக்கே அலுமினியத் தாளை இருபக்கமும் மூடுகிற மாதிரிப் பட்டையாக மடித்துக் க்ளிப் போடுங்கள். பறிக்க வேண்டாம். வெயில் விழும் கிளையாக இருக்கட்டும். சாயங்காலம் நாலு மணிக்குப் பறித்து அதே சோதனையைச் செய்யுங்கள். பள்ளியில் செடியை 48 மணி நேரம் இருட்டறையில் வைப்பது இலையைக் காலி செய்வதற்குத்தான். அந்த வேலையைத் திண்டுக்கல் ராத்திரியே உங்களுக்கு முக்கால்வாசி முடித்துக் கொடுத்திருக்கிறது.

ஸ்பிரிட்டுக்கு அடுப்பை அணைத்தீர்கள் பாருங்கள், அதற்கு நூறு மதிப்பெண். எரிசாராயம் 78 டிகிரியிலேயே கொதிக்கும், அதன் ஆவி குப்பென்று பற்றிக்கொள்ளும்.

கரும்புக்காட்டான், சத்தியமங்கலம்

டீச்சர், நீங்க சொன்னதுல எனக்கு ஒரு விஷயம் பிடிபடுது. நாலு மாடு வச்சிருக்கேன். கோ-4 புல்லைக் காலையில அறுத்துப் போட்டா மிச்சம் வைக்குதுங்க. சாயங்காலம் அறுத்துப் போட்டா தொட்டியை நக்குதுங்க. இத்தனை நாள் பசின்னு நினைச்சேன். அந்தச் சர்க்கரைக் கணக்குதானா?

அப்புறம், உரக்கடையில 'பயிருக்கு உணவு'ன்னு சொல்லியே மூட்டையை ஏத்தி விடுறாங்க. உரம் உணவா இல்லையா?

மன்னார்குடி டீச்சர்

பசியும் இருக்கும், சர்க்கரையும் இருக்கும். பிற்பகலில் அறுத்த தீவனத்தில் சர்க்கரை கூடுதல். அமெரிக்காவில் காலையில் அறுத்ததையும் மாலையில் அறுத்ததையும் காயவைத்து மாடுகளின் முன்னால் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாடுகள் மாலை அறுப்பைத்தான் தேடிப் போயின. உங்கள் தொட்டி பொய் சொல்லவில்லை.

உரம் உணவு இல்லை. பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தால் குறைந்தது 2 அவுன்ஸ், கிட்டத்தட்ட 57 கிராம். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சானது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார், காற்றை மறந்துவிட்டார். அதிருக்கட்டும், அந்த 57 கிராமை அலட்சியமாக விடக்கூடாது. பச்சைய மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு மெக்னீசியம் அணு, அதைச் சுற்றி நாலு நைட்ரஜன். அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று நடுவில் மஞ்சள் பாய்ந்தால் பெரும்பாலும் மெக்னீசியக் குறைதான். உரம் பட்டறைக்கு வாங்கும் கருவி, சோறு காற்றிலிருந்து.

கரும்பு என்று பெயர் வைத்திருப்பதால் உங்களுக்கு இன்னொன்று. கார்பனைப் பிடிக்கும் நொதிக்கு ரூபிஸ்கோ என்று பெயர். அதற்கு ஒரு கெட்ட பழக்கம், சூடு ஏறினால் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். நெல் இதில் நிறைய இழக்கிறது. கரும்பு தந்திரசாலி. முதலில் வேறொரு நொதியால் கார்பனைப் பிடித்து நாலு கார்பன் அமிலமாக்கி, நரம்பைச் சுற்றி வளையமாக நிற்கும் செல்களுக்குள் கொண்டுபோய் அவிழ்க்கும். அங்கே கார்பன் டை ஆக்சைடு நெருக்கியடித்து நிற்பதால் ரூபிஸ்கோவுக்குத் தப்பு செய்ய வாய்ப்பு குறைவு. ஹவாய்க் கரும்பு ஆய்வகத்தில் முதலில் தட்டுப்பட்டது இது. 1966இல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் வழியை விளக்கினார்கள். வளையத்துக்கு ஜெர்மன் மொழியில் கிரான்ஸ் என்று பெயர், மலர்வளையத்துக்கும் அதே சொல்தான். சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் எல்லாம் இந்தக் கட்சி. ஜெராக்ஸ் கடைத் தம்பி வீட்டுச் சிவப்புத் தண்டுக்கீரையும் இதே கட்சிதான். வானம் பார்த்த பூமியில் நம் ஆட்கள் கம்பையும் சோளத்தையும் விதைத்தது சும்மா இல்லை.

சுன்னாகத்தான், யாழ்ப்பாணம்

ரீச்சர், வாசிக்க நல்லாயிருக்கு. உங்கட ஒளிச்சேர்க்கையை நாங்கள் ஒளித்தொகுப்பு எண்டுதான் படிச்சனாங்கள். உங்கட இலைத்துளை எங்களுக்கு இலைவாய், பசுங்கணிகம் பச்சையவுருமணி, தண்ணி கொண்டுபோற சைலமும் சாப்பாடு கொண்டுபோற புளோயமும் காழும் உரியமும். செம்பருத்தியும் இங்க செவ்வரத்தை. செடி ஒண்டு, பேர்தான் ரெண்டு.

ஒரு கேள்வி. அப்ப கள்ளி, கற்றாழை மாதிரிச் செடிகள் பகலிலை வாயை மூடினால் எப்பிடிக் காபனீரொட்சைட்டு எடுக்குது?

மன்னார்குடி டீச்சர்

இலைவாய் என்ற சொல் எனக்கு இலைத்துளையை விடப் பிடிக்கும். துளை சும்மா திறந்து கிடக்கும், வாயைத்தான் மூட முடியும்.

அவை ராத்திரியில் வாயைத் திறக்கும். உள்ளே வந்த கார்பனை மாலிக் அமிலமாக்கிச் செல்லின் நீர்ப்பையில் பூட்டி வைக்கும். விடிந்ததும் வாயை மூடிக்கொண்டு, பூட்டியதை எடுத்துச் சர்க்கரை செய்யும். அன்னாசியும் இப்படித்தான். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தாவரவியல் வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன் ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு, மதியம் சப்பென்று ஆகிவிட்டது. அதை ஒரு கடிதமாக எழுதினார், 1815இல் அச்சானது. நாக்கைத் தவிர வேறு கருவி இல்லை. அந்தப் புளிப்பு இந்த அமிலம்தான்.

பிள்ளைகளைக் கடிக்க விடாதீர்கள். அந்த இலையில் நஞ்சு உண்டு, ஆடு மாடு தின்றால் ஆகாது. காலையில் ஓர் இலை, சாயங்காலம் ஓர் இலை நசுக்கி, புளிப்பின் அளவை நிறத்தால் காட்டும் பிஹெச் தாளை ஒற்றிப் பார்த்தால் போதும்.

ஜெராக்ஸ்கடைக்காரன், திண்டுக்கல்

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டோம்.

பிரியாணிப் பொட்டலத்தில் வந்த அலுமினியத் தாளைக் கழுவித் துடைத்து, கடையிலிருந்து கொண்டுவந்த பைண்டர் க்ளிப்பால் மாட்டினோம். ஆறு மணிக்குப் பறித்த ஓர் இலையையும் தனியாக ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தோம், இரண்டையும் ஒன்றாகச் செய்து பார்க்க. நாலு மணி இலையில் பீட்டாடின் பட்டதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. அரை நிமிடம் போல ஆனது. ஓரத்திலிருந்து கருநீலம் பரவ ஆரம்பித்தது, அப்புறம் மளமளவென்று ஏறியது. நடுவில் தாள் மூடிய பட்டை மட்டும் பீட்டாடின் நிறத்திலேயே நின்றது. கருநீலத்துக்குள் நரம்புகள் வெளிர்கோடுகளாக, ரோடு மேப் மாதிரி. ஆறு மணி இலை போன வாரத்தைப் போலவே கறுக்கவில்லை.

மகள் விடவில்லை. ராத்திரி பத்து மணிக்கு இன்னோர் இலை பறித்துச் செய்தாள். நாலு மணி இலையை விட வெளுப்பு என்கிறாள், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவள் அம்மா அவள் கட்சி. நோட்டில் மூன்று கட்டம் போட்டு 6, 4, 10 என்று எழுதி, சிவப்பு மைக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனாள். பார்த்துவிட்டு எதுவும் எழுதாமல் சுழித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம். போதும்.

நர்சரியில் ரணகள்ளி விலை கேட்டுக்கொண்டு நின்றோம், பக்கத்து வீட்டு அக்கா ஓர் இலையைக் கிள்ளிக் கொடுத்து மண் மேல் சும்மா வைக்கச் சொன்னார். வைத்து ஒன்பது நாள் ஆகிறது, ஓரத்துப் பள்ளங்களில் இரண்டு குட்டி முளைத்திருக்கிறது. பிஹெச் தாள் எந்தக் கடையில் கிடைக்கும் டீச்சர்?